வசந்தாமணி ஆக்கிய கம்மஞ்சோறு

பரமத்தி வேலூரில் வசந்தாமணி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். தீனதயாளன் வீடு என்று கேட்டால் வழி சொல்வார்கள். "அக்கா ஆக்குன சோத்துல கல்யாணமானவ ஊடு" என்று கேட்டால் வழியும் சொல்லிச் சிரிக்கவும் செய்வார்கள். பெண்பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைப்பதில் இந்த ஊருக்கு இருக்கிற சுறுசுறுப்பை வாய்க்கால் தூர் வாருவதில் காட்டியிருந்தால் கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போயிருக்கும்.

அவள் பிறந்தது ஆற்றங்கரையில் இல்லை. நாமகிரிப்பேட்டையைத் தாண்டி மலையடிவாரம் பார்த்துப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அங்கே காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, மழையை நம்பி விதைக்கிற நிலம். செம்மண், அதற்கு மேல் கல். பொறுக்கிப் போட்டால் அடுத்த உழவில் அதே அளவு கல் மேலே வந்து படுத்திருக்கும். கம்பும் கொள்ளும் தவிர வேறு எதுவும் அந்த மண்ணை மதித்து முளைக்காது. கம்பங்கதிர் சாண் நீளம் வந்தால் அந்த வருடம் நல்ல வருடம். தானியம் பொடிசாக, கல் மாதிரி கெட்டியாக இருக்கும். ஆனால் உரலில் போட்டு இடிக்கும்போதே வாசம் தெருவுக்கு வந்துவிடும். ஒரு உருண்டை தின்றுவிட்டுப் போனால் பொழுது சாயும் வரைக்கும் வயிறு கேட்காது. அந்த ஊர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது கிடையாது. வேறு சோறு தின்று பார்த்தால்தானே பெருமை தெரியும்!

அந்த வீட்டுக்குத்தான் பரமத்தி வேலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு என்று தண்ணீரில் புரளுகிற குடும்பம். தண்ணீர்ப் பக்கத்துப் பெண்கள் வேலைக்கு வளைய மாட்டார்கள் என்று அவர்கள் காட்டுப் பக்கத்துப் பெண்ணாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்த வீட்டுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பெண் பார்க்கப் போகிற இடத்தில் கேசரி, பஜ்ஜியைத் தொட மாட்டார்கள். அதையெல்லாம் கடையில் வாங்கித் தட்டில் வைத்துவிடலாமாம். பெண் தன் கையால் கம்மஞ்சோறு ஆக்கிப் போட வேண்டும். அதை ஒரு வாய் தின்று பார்த்துத்தான் மாமியார் முடிவு சொல்லுவாள்.

வசந்தாமணி விடியும் முன்பே எழுந்து கம்பை நீர் தெளித்துக் குத்தினாள், புடைத்தாள், மறுபடியும் இடித்தாள். அவளுடைய அக்கா மயிலம்மாள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவள் செய்த வேலை கொள்ளுப் பருப்பைக் கடைந்து வைத்தது ஒன்றுதான். இது நினைவில் இருக்கட்டும், பின்னால் இதற்காக ஒரு பெரிய வழக்கே நடக்கப்போகிறது.

மாப்பிள்ளையின் அம்மா கந்தம்மாள் ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். அதையும் தின்று முடித்து, வசந்தாமணியின் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்துச் சபைக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"இந்தக் கைக்குத்தான் என்ற பையன்."

அதுவரை வசந்தாமணியை யாரும் எதற்கும் மெச்சியது கிடையாது. கறுப்பு, படிப்பு ஏறாதவள், நடந்தால் தரை அதிரும் என்கிற மாதிரியான பேச்சுத்தான் கேட்டிருக்கிறாள். அந்த ஒரு வரியைச் சீர் வரிசையில் வந்த நகைகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் ஆற்றங்கரைக்கு வாழ வந்தாள்.

வந்த முதல் ஆடியில் கந்தம்மாள் கேட்டாள்: "உங்க ஊட்டு வெதைக் கம்பைக் கொண்டாந்து நம்ம தோட்டத்துல போடு அம்மிணி. உன்ற கையால வருசம் பூராவும் திங்கலாமல்ல?"

அப்பா பொறுக்கி எடுத்த கதிர்களிலிருந்து விதை கொடுத்துவிட்டார். வாழை வெட்டி எடுத்த நிலத்தில் அதைத் தூவினாள். வண்டல் மண், வாழைக்குப் போட்ட உரம் அப்படியே கிடந்தது, வாய்க்கால் தண்ணீர் வேறு. கம்பு ஆள் உயரத்துக்கு மேலே போயிற்று. கதிர் முழ நீளம். பிறந்த ஊரில் இப்படி ஒரு கதிரை யாராவது பார்த்திருந்தால் கற்பூரம் காட்டியிருப்பார்கள். வசந்தாமணி தினமும் சாயங்காலம் போய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வருவாள். நம் கை ராசி என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அறுத்து, அடித்து, காய வைத்து, உரலில் போட்ட அன்றைக்கு அவளுக்கு முதல் பயம் வந்தது. வாசம் எழவில்லை. தவிடு மட்டும் பறந்தது. சோறு பொங்கியதும் ஒரு பருக்கை எடுத்து நாக்கில் வைத்தாள். சப்பென்று இருந்தது. பசை காய்ச்சினால் எப்படியோ அப்படி ஒட்டியது. உப்பு போதவில்லையோ என்று உப்பு போட்டாள். மோரை ஊற்றிப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் வட்டிலில் வைத்தாள்.

கந்தம்மாள் ஒரு வாய் தின்றாள். வட்டிலைத் தள்ளிவிட்டாள்.

"அன்னிக்கு உங்க ஊட்டுல ஆக்குனது ஆரு?"

"நானுங்க அத்தை."

"இன்னிக்கு ஆக்குனது?"

"நானேதானுங்க."

"ஒரே கைன்னா ஒரே ருசி இருக்கோணுமல்ல?"

"மண்ணு வேறங்க அத்தை. எங்க காட்டுல வெளையறதுக்கும் இங்க வெளையறதுக்கும்..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா," என்றாள் கந்தம்மாள். தீனதயாளன் சிரித்தான். கல்யாணமாகி வந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கந்தம்மாள் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தறிக்குப் போனாள். மருமகள் பார்க்கப் பார்க்க எருமைத் தொட்டியில் கவிழ்த்தாள். எருமை குறை சொல்லாமல் தின்றது.

அதற்கப்புறம் வழக்குத்தான். பெண் பார்த்த அன்றைக்கு வீட்டில் மயிலம்மாள் இருந்தாள் அல்லவா? கொள்ளு கடைந்தவள் கம்மஞ்சோறு ஆக்கியிருக்க மாட்டாளா? மூத்தவள் ஆக்கிவைத்ததைத் தூக்கிவந்து இளையவள் கையால் போட வைத்து ஏமாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மாமனார் சுப்பையன் நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர். நல்ல மனுஷர்கள் இப்படிப்பட்ட நேரத்தில்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார்கள்.

விட்டுவிடவும் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை அவளைக் கம்மஞ்சோறு ஆக்கச் சொல்லி, உறவுக்காரப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒவ்வொருத்தரும் ஒரு வாய் தின்று துப்பினார்கள். துப்பிவிட்டு அவளைப் பார்த்து, "இப்பவாச்சும் நெசத்தைச் சொல்லு" என்பார்கள். அவள் மண் என்றாள். அடி விழுந்தது. மறுபடியும் மண் என்றாள். வயிற்றில் பிள்ளை நிற்கும்போது தீனதயாளன் அவளைக் கொண்டுபோய்ப் பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். நாலு சொந்தக்காரர்களும் கூடவே வந்திருந்தார்கள்.

"ஆக்குனது உங்க பெரிய பொண்ணுதான்னு இவ வாயால சொல்லட்டும். கூட்டிட்டுப் போறேன். இல்லீன்னா இங்கயே இருந்துக்கட்டும்," என்றான்.

அப்பா அவன் காலில் விழப் போனார். அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மயிலம்மாள் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். வசந்தாமணி அக்காவைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்.

"ஆமாங்க. அக்காதான் ஆக்குனா," என்றாள்.

மயிலம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கையோடு அவள் பேச்சு அன்றைக்கு நின்றது. அம்மா செத்துக் கிடந்தபோதும் நடு வீட்டில் இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்திருந்தார்களே தவிர முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

நூறு தடவை சொன்ன நிஜத்தை எடுத்துக்கொள்ளாத ஊர் ஒரு தடவை சொன்ன பொய்யைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது. அவளே ஒப்புக்கொண்டாளே என்பார்கள். அதற்கப்புறம் அடி குறைந்துபோனது உண்மைதான். தேவைப்படவில்லை. கொத்துச் சாவி வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தால், "அக்கா கையை வாங்கிட்டு வந்தவளுக்குச் சாவி எதுக்கு?" தம்பி கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி போகிறேன் என்றால், "மறுக்கா எதையாச்சும் ஏமாத்திக் குடுக்கறதுக்கா?" மகன் குமரகுரு பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அம்மாவின் சோற்றைத் தள்ளிவிட்டு, "பெரியம்மாளை ஆக்கச் சொல்லு" என்று பாட்டியைப் பார்த்துக் கண்ணடிக்கக் கற்றுக்கொண்டான். அதற்கும் வீடே சிரித்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய கொடுமை வேறு. வருடம் போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஆக்கியது நான்தானா? உலக்கை பிடித்தது இந்தக் கைதானா? ஒருவேளை அக்கா வந்து ஏதாவது செய்துவிட்டுப் போனாளா? பாத்திரம் விளக்கும்போது சில சமயம் நிறுத்திவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கை ஒன்றும் சொல்லாது. ஆடிக்கு ஆடி கொடிக்கால் ஓரத்தில் ஒரு பிடி கம்பு தூவுவாள், ஒரு வருடமாவது அந்த வாசம் வந்துவிடாதா என்று. மாட்டுத் தட்டுக்கு, அதாவது தாளை அறுத்து மாட்டுக்குப் போட, விதைக்கிறாள் என்று ஊர் நினைத்தது. கடைசியில் அது மாட்டுக்குத்தான் போயிற்று.

வீட்டில் இருக்கிற யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, "அன்னிக்கு ஆக்குனது நீதான்" என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். நகையோ நட்டோ அவள் கேட்கவில்லை.

குமரகுரு வளர்ந்து திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கும் கம்பெனி ஒன்றின் ஆபீசில் வேலைக்குப் போனான். அவனோடு படித்த கதிர் என்பவன் ராசிபுரம் பக்கம் ஒரு சத்துமாவு மில்லுக்குத் தானியம் வாங்கிப் போடுகிறவன். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் இவர்கள் வீட்டுக்கு வந்தான். மூலையில் சாக்கு விரித்துக் கம்பு காய்ந்துகொண்டிருந்தது. வசந்தாமணி சும்மா கேட்டாள்: "இதை உங்க மில்லுல எடுத்துக்குவாங்களா சாமி?"

கதிர் நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"இது ஆகாதுங்கம்மா. நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் காட்டுல வெளைஞ்சதுன்னா எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்குவோம். நாங்க ரெண்டையும் ஆய்வுக்குக் குடுத்துப் பாத்தாச்சுங்க. வெதை ஒண்ணேதான். ஆனா அதுல இருக்கற இரும்புச்சத்துல பாதிகூட இதுல இல்லே. ருசியும் அப்படித்தான். இங்க தண்ணியும் ஒரமும் குடிச்சுக் கதிரு பெருத்துக்குது, உள்ள சரக்கு இல்லீங்க. எந்த மண்ணுல நிக்குதோ அந்த மண்ணுல இருக்கறதைத்தானே அது எடுத்துக்கும்."

"மறுக்கா சொல்லு சாமி," என்றாள் வசந்தாமணி.

காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து அவன் மறுபடியும் சத்தமாகவே சொன்னான். குமரகுரு பக்கத்தில்தான் நின்றான். தீனதயாளன் கட்டிலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். கந்தம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். வசந்தாமணி மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போது சொல்லுவார்கள், சொல்லாமல் எங்கே போவார்கள் என்று நினைத்தாள்.

கந்தம்மாள் பாக்குவெட்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு மிசின் வேற வெச்சுப் பாக்கோணுமாக்கும்? ஆத்தோரத்துக் கம்பு மாட்டுத் தட்டுக்குத்தான் ஆகும்னு என்ற மாமியா, நான் கண்ணாலமாயி வந்தப்பவே சொன்னா."

கதிர் காபி குடித்துவிட்டுப் போனான். வசந்தாமணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்ப உங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்களா அத்தை?"

"தெரியாம என்ன?"

"பின்னே ஏனுங்க?"

கந்தம்மாளுக்குக் கோபம் வரவில்லை. ஊறுகாய்க்கு எத்தனை உப்புப் போட வேண்டும் என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். "வந்தவ கையில ருசி இருக்குதுன்னு ஊரு பேச ஆரம்பிச்சா வந்தவ தலைமேல ஏறிக்குவா. ஒரு குத்தம் இருந்தாத்தான் அடங்கிக் கெடப்பா. என்ற மாமியா எனக்கு வேற ஒரு குத்தம் வெச்சிருந்தா. நீ அடங்கித்தானே இருந்தே? குடும்பமும் நல்லாத்தானே நடந்துச்சு?"

வசந்தாமணி புருஷனைப் பார்த்தாள். "உங்களுக்குமா தெரியும்?"

"பழசைக் கெளறாதே. சோத்தைப் போடு," என்றான் தீனதயாளன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சோறு போட்டாள். அந்தச் சட்டியை அப்படியே இரண்டு தலையிலும் கவிழ்த்தாள் என்று எழுத இந்தக் கைக்கு ஆசைதான். ஆனால் அவள் சோறுதான் போட்டாள், குழம்பும் ஊற்றினாள். அடங்கிக் கிடக்கப் பழக்குவது என்றால் சும்மாவா? அது எலும்பு வரைக்கும் போயிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பியிடம் எண் வாங்கி மயிலம்மாளுக்குப் போன் போட்டாள்.

"ஆரு?"

"நாந்தாங்க்கா, வசந்தா. மண்ணுதானாம்க்கா. மிசின் வெச்சுப் பாத்துச் சொல்லிட்டாங்க. இவங்களுக்கும் மொதல்லயே தெரியுமாம்க்கா."

 

"மண்ணுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் மயிலம்மாள். "எம்பேரைச் சொன்னது மண்ணா? உன்ற வாயா?"

போன் நின்றுவிட்டது. திருப்பிப் போட்டாள், எடுக்கவில்லை.

பங்குனியில் குமரகுருவுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். கந்தம்மாள் நடக்க முடியாத வயதிலும் காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெண் வீடு வசந்தாமணியின் பிறந்த ஊருக்கு அடுத்த ஊர். நாமகிரிப்பேட்டையைக் கடந்ததும் அவளுடைய அப்பாவின் காடு வந்தது. கல் அப்படியே மேலே கிடந்தது. அறுத்த கம்பந்தாள் ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்து நின்றது. காரை யாரும் மெதுவாக ஓட்டவில்லை.

"கேசரி கீசரி வேண்டாம், பொண்ணு கையால கம்மஞ்சோறு ஆக்கட்டும்னு சொல்லி வெச்சிருக்கறேன்," என்றாள் கந்தம்மாள். பின்னால் திரும்பி வசந்தாமணியைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தப் பக்கத்துப் பொண்ணுன்னா நமக்கு எப்பவும் தோதுதான்."

பெண்ணின் பெயர் தமிழினி. நாமக்கல்லில் கல்லூரி முடித்தவள். கறுப்பு, கொஞ்சம் கட்டையான உடம்பு. காலேஜ் படித்த பெண் என்று பார்த்தால், மிக்ஸியைத் தொடாமல் உரலில் இடித்திருக்கிறாள். உள்ளங்கை சிவந்து, கட்டை விரலடியில் தோல் கொப்பளித்திருந்தது. அவள் குனிந்து எல்லோருக்கும் போட்டுக்கொண்டு வந்தாள். பெண்ணின் அம்மா மஞ்சுளா பின்னாலேயே கொள்ளுப் பருப்பு ஊற்றினாள்.

வசந்தாமணி ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

அந்த வாசம், அந்த லேசான இனிப்பு, பல்லுக்கு இடம் கொடுத்துக் கடைசியில் உடைகிற அந்தக் கெட்டி, எல்லாம் அப்படியே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்தான் ஆக்கினேன் என்று அவளுக்குத் தெரிந்தது. மிஷின் சொன்னது, மாமியார் ஒப்புக்கொண்டது எல்லாவற்றையும்விட அவள் நாக்கு அதைத் தெளிவாகச் சொன்னது. உலக்கை பிடித்த கை இதுதான், அன்றைக்கு இதில்தான் கொப்பளம் இருந்தது. இரண்டாம் வாய் எடுத்தாள்.

கந்தம்மாள் தமிழினியைக் கிட்டே கூப்பிட்டாள். கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"இந்தக் கைக்குத்தான் என்ற பேரன்."

பெண்ணின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க வசந்தாமணியால் முடியவில்லை. யாரும் எதற்கும் மெச்சாத ஒருத்தியின் சந்தோஷம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தீனதயாளன் அவசரமாக, "அப்பறம் தாம்பூலத் தட்டு மாத்திக்கலாமுங்களா?" என்றான்.

"இது மண்ணோட ருசிங்க," என்றாள் வசந்தாமணி.

எல்லோரும் திரும்பினார்கள். வசந்தாமணி சபையில் பேசி யாரும் கேட்டதில்லை, அவள் உட்பட.

"பொண்ணு கைக்கு இதுல பங்கில்லீங்க. இந்தக் காட்டுல வெளைஞ்ச கம்பை ஆரு ஆக்குனாலும் இப்படித்தான் இருக்கும். எங்கூட்டுக்கு வந்து இதே கையால ஆக்குனாலும் எருமைதான் திங்கும்."

மஞ்சுளாவின் கையில் கரண்டி நின்றது. "எம்புள்ளைக்கு ஆக்கத் தெரியாதுன்னு சொல்றீங்களா?"

"அது இல்லீங்க. அப்பறம் இவங்க கேப்பாங்க, அன்னிக்கு ஆக்குனது ஆருன்னு. கேட்டுட்டே இருப்பாங்க. வராதே அம்மிணி. எங்கூட்டுக்கு வராதே."

"அம்மா, வாயை மூடு," என்றான் குமரகுரு. கதிர் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் அவன். ஆமாம், என்ற சிநேகிதன்கூட அப்படித்தான் சொன்னான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அம்மா பக்கம் அவன் எப்போது நின்றான், இப்போது நிற்பதற்கு?

கந்தம்மாள் குரலைத் தாழ்த்திக் குழைந்தாள். "மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி. எங்க மருமவளுக்கு நாக்குல ருசி அவ்வளவுதானுங்க."

ஆனால் மஞ்சுளா கேட்கிற நிலையில் இல்லை. மகள் இடித்து இடித்துக் கொப்பளித்த கையைப் பார்த்தாள், வசந்தாமணியைப் பார்த்தாள். அடுத்த ஊர்க்காரி அல்லவா, அவளுக்குத் தெரியாத கதையா?

"அக்கா ஆக்குன சோத்துல கண்ணாலமானவதானே நீ? ஊருக்கே தெரியும். உன்ற வாயாலயே ஒத்துக்கிட்டவ. எம்புள்ளையும் உன்னையாட்டமே ஏமாத்துவான்னு நெனச்சியா?"

தன் வலது கையை, அதில் சோறு ஒட்டியிருந்தபடியே, வசந்தாமணி நீட்டினாள். அன்றைக்கு ஆக்கியது இந்தக் கை என்று காட்டத்தான் நீட்டினாள். மாமியாரைப் பார்த்தாள். கந்தம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். தெரிந்தவர்கள் மூன்று பேர் அந்த வீட்டுக்குள் இருந்தார்கள். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

"எந்திரிங்க," என்றார் பெண்ணின் அப்பா. "இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

தமிழினி அழவில்லை. நேராக வசந்தாமணியின் முன்னால் வந்து நின்றாள். படித்த பெண், கேள்வி கேட்பாள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வசந்தாமணி அண்ணாந்து பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, பாதி தின்ற வட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வசந்தாமணி பார்க்கப் பார்க்க அதை எருமைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

எருமை அதையும் குறை சொல்லாமல் தின்றது.

காரில் ஏறும் முன்பே கந்தம்மாள் ஆரம்பித்துவிட்டாள். ஊர் போய்ச் சேரும்வரை நிறுத்த மாட்டாள், அதற்கப்புறமும் நிறுத்த மாட்டாள். மகன் கண்டிப்பாகப் பேச மாட்டான். அந்தப் பெண்ணுக்குக் கோபம் ஆயுசுக்கும் இருக்கும். எங்கேயோ ஓர் ஊரில் வாழ்ந்துகொண்டு, தன் சோற்றைப் பழித்த வேலூர்க்காரியை நாலு பேரிடம் சொல்லித் திட்டுவாள். திட்டட்டும். இன்றைக்கு ராத்திரி அவள் அவளுடைய அம்மா வீட்டில்தான் படுப்பாள்.

கை கழுவ யாரும் தண்ணீர் தரவில்லை. வசந்தாமணி விரல்களில் ஒட்டியிருந்த பருக்கைகளைத் தின்றுகொண்டே காருக்கு நடந்தாள்.